நீருக்கடியில் ஒரு துணை

நுழையுமுன்

'குளித்தல்' என்னும் சொல்லுக்கு உடலைக் கழுவுதல் என்பது மட்டுமே பொருளன்று. நீருக்குள் முழுவதுமாக மூழ்குதல் என்பதும் அதன் பொருளே. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னும் தொடர்களில் அப்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. கடலில் குளிக்கும் கலையை இக்காலக் கருவிகளோடு எவ்வாறு கற்கின்றனர் என்பதை, ஊர்ச் சங்கங்களின் வழியே அக்கலை வளர்ந்த பிரிட்டனை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

கல்லும் கயிறும்

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் படிந்து வளரும் கடலடித் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிப் பகுதியின் முத்துக்குளிப்போர் தோணிகளில் அங்குச் செல்வர். கயிற்றில் கட்டிய கனமான கல்லின்மீது காலை ஊன்றிக்கொண்டு, மூச்சை நிறைய இழுத்து அடக்கி, கல்லின் கனத்தாலேயே விரைந்து அடியை அடைவர். அடக்கிய மூச்சு ஏறத்தாழ ஒரு நிமிடம் தாங்கும். அதற்குள் கைக்கு எட்டிய சிப்பிகளைப் பைக்குள் அள்ளிப் போட்டுவிட்டுக் கயிற்றை அசைப்பர். தோணியில் இருப்பவர் உடனே கயிற்றை இழுத்து அவர்களை மேலே கொண்டுவருவார்.

கயிறு பிடிப்பவர் யாராக இருக்க வேண்டும் என்பது பற்றிக் கடற்கரை ஊர்களில் ஒரு செய்தி சொல்லப்படுவதுண்டு. குளிப்பவரின் மனைவியுடன் பிறந்தவர், அதாவது மைத்துனரே, கயிறு பிடிப்பாராம். தன் உடன்பிறந்தாளின் வாழ்வு அக்கயிற்றின் மறுமுனையில் இருப்பதால், அவர் ஒரு நொடியும் கண்ணயரமாட்டார் என்பது கணக்கு. இது எல்லாத் தோணியிலும் நடந்ததா என்பது ஒருபுறம் இருக்கட்டும். கடலுக்குள் செல்பவரின் உயிர் மேலே இருப்பவரின் கையில் இருந்தது என்பதை அம்மக்கள் நன்கு உணர்ந்திருந்தனர்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. ஆனால், உலகின் வேறு இடங்களில் அதற்கு முன்பே கயிறு இல்லாமல் கடலுக்குள் செல்லும் வழி பிறந்திருந்தது.

முதுகில் சுமக்கும் காற்று

1943-ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். பிரான்சு நாட்டுக் கடற்படை அதிகாரியான ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் சேர்ந்து ஒரு மூச்சுக்கருவியை உருவாக்கினர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காததால் மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்கென்று கான்யான் ஒரு வால்வை அமைத்திருந்தார். அதனையே மாற்றியமைத்துக் காற்றுருளையோடு இணைத்தனர். மூழ்குபவர் மூச்சை இழுக்கும்போது மட்டும், அவர் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்திற்கு ஏற்ற அளவில் அது காற்றைத் தரும். மூழ்குபவருக்குக் கயிறும் தேவையில்லை. தோணியிலிருந்து வரும் குழாயும் தேவையில்லை. 'ஸ்கூபா' என்பது ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர். 'தன்னுள்ளேயே எல்லாம் அமைந்த நீரடி மூச்சுக்கருவி' என்று அதற்குப் பொருள் கூறலாம்.

கருவி கிடைத்துவிட்டது, கற்றுத்தருவோர் இல்லை. அக்காலத்தில் ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் ஆசிரியராயினர். 1953-இல் ஆஸ்கர் கூகன், பீட்டர் ஸ்மால் என்னும் இருவர் இலண்டனில் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப் என்னும் சங்கத்தைத் தொடங்கினர். அது ஊர்தோறும் கிளைகளாகப் பரவியது. பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் மாலையில் அங்கே பயிற்றுநர்கள் ஆகின்றனர். அவர்கள் ஊதியம் பெறுவதில்லை. காற்றுருளைகளை நிரப்பும் கம்ப்ரசர், இரப்பர்ப் படகு, புதியவர்களுக்கான உடைகள் முதலியவை பல கிளைகளில் பொதுவுடைமை. ஊர் நீச்சல்குளத்தை வாரத்தில் ஒரு மாலை வாடகைக்கு எடுத்துப் பயிற்சி நடத்துவது பல கிளைகளின் வழக்கம்.

இந்தியாவில் இம்முறை அவ்வளவாக வேரூன்றவில்லை. அந்தமானின் சுவராஜ் தீவிலும் கர்நாடகத்தின் முருடேசுவரத்தை அடுத்த நேத்ராணித் தீவிலும் கட்டணம் பெறும் பயிற்சி நிலையங்களே மூழ்கக் கற்றுத்தருகின்றன. விடுமுறைக்குச் செல்பவர் சில நாள்களில் கற்றுத் திரும்பலாம் என்பது அதன் வசதி. சங்கத்தில் சேர்பவருக்கு மாதங்கள் ஆகும். கற்றபின்னும் அதே மனிதர்களோடு ஆண்டுக்கணக்கில் மூழ்கலாம் என்பது இதன் சிறப்பு.

மூச்சை அடக்காதே

முத்துக்குளிப்பவர் கற்ற முதற்பாடம் மூச்சை அடக்குவது. ஸ்கூபா கற்பவருக்கோ, மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்பதே முதல் விதி. இரண்டும் கடல்தான், இரண்டும் நுரையீரல்தான். விதிமட்டும் ஏன் தலைகீழாயிற்று?

கடல்மட்டத்தில் நம் உடலை ஒரு வளிமண்டல அளவு காற்று அழுத்திக்கொண்டிருக்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் அதே அளவு அழுத்தம் மேலும் கூடுகிறது. எனவே 10 மீட்டரில் அழுத்தம் இருமடங்கு; 20 மீட்டரில் மும்மடங்கு. அழுத்தம் இருமடங்கானால் வாயுவின் பருமன் பாதியாகும் என்பது 1662-இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி.

முத்துக்குளிப்பவர் தோணியிலேயே மூச்சை இழுத்துக்கொள்கிறார். 6 லிட்டர் காற்றோடு அவர் இறங்கினால், 10 மீட்டர் ஆழத்தில் அது 3 லிட்டராகச் சுருங்கும். மேலே வரும்போது மீண்டும் 6 லிட்டராகும். நுரையீரலுக்கு அதனால் கேடில்லை. ஸ்கூபா மூழ்குநரோ 10 மீட்டர் ஆழத்திலேயே 6 லிட்டர் காற்றை நுரையீரல் நிறைய இழுக்கிறார். அச்சத்தால் அதை அடக்கிக்கொண்டு மேலே எழுந்தால், நீர்மட்டத்தில் அது 12 லிட்டராக விரிய முயலும். 6 லிட்டர் கொள்ளும் பைக்குள் 12 லிட்டருக்கு இடமேது? நுரையீரல் கிழியும், உயிருக்கே இடர் நேரும். ஆள் உயர நீச்சல்குளத்திலும் இது நேரக்கூடும் என்பதால், முதல் மாலையிலேயே இவ்விதியைக் கற்பிக்கின்றனர்.

ஆனால், விதியை மனப்பாடம் செய்வது எளிது. உடலுக்கு அதைக் கற்பிப்பது அரிது. நீர் முகத்தில் பட்டவுடன் மூச்சை நிறுத்துவது குழந்தைப் பருவம் முதல் நம்மிடம் உள்ள இயல்பு. அவ்வியல்பை வெல்லவே குளத்துப் பயிற்சியின் பெரும்பகுதி செலவாகிறது. முழங்காலிட்டாலும் தலைக்கு மேல் நீர் நிற்கும் இடத்தில் புதியவர் அமர்கிறார். வாயிலுள்ள கருவியை எடுத்துவிட்டு, மீண்டும் பற்றி வாயில் பொருத்த வேண்டும். கருவி வாயில் இல்லாத அந்தச் சில நொடிகளிலும் உதடுகளின் வழியே சிறுசிறு குமிழிகளை விட்டுக்கொண்டே இருக்கவேண்டும். குமிழி நின்றால் பயிற்றுநர் விரலால் சுட்டிக்காட்டுவார்.

பலருக்கும் இதைவிடக் கடினமாக இருப்பது முகக்கண்ணாடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றும் பயிற்சி. கண்ணாடியின் மேல்விளிம்பை அழுத்திப் பிடித்து, தலையைச் சற்று நிமிர்த்தி, மூக்கின் வழியே காற்றை ஊதினால் நீர் கீழ்விளிம்பின் வழியே வெளியேறிவிடும். சொல்லும்போது மிக எளிது. மூக்கைச் சுற்றி நீர் நிற்க, வாயால் மட்டும் மூச்சுவிடுவதை மனம் ஏற்க மறுக்கும். வலிமையான நீச்சல்காரர்களும் இந்த இடத்தில் பதறி எழுந்து நிற்பதுண்டு. நல்ல பயிற்றுநர் அப்போது ஒன்றும் சொல்வதில்லை, காத்திருப்பார். பிறகு மறுபடியும் அமரச் சொல்வார். அடுத்த வாரமும் குளம் இருக்கும், அவரும் இருப்பார். கற்பவரை விரட்டாத இந்த நிதானம், நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்தும் இடங்களில் எளிதில் வாய்ப்பதில்லை.

பேச்சில்லா உலகின் மொழி

நீருக்கடியில் பேச இயலாது. ஒலி காற்றில் செல்வதைவிட நீரில் நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் செல்கிறது. அதனால் படகின் ஓசை கேட்டாலும் அது எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிய முடிவதில்லை. எனவே கைகளே மொழியாகின்றன. பெருவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்தால் 'நலம்' என்று பொருள். விரித்த கையை இடமும் வலமுமாக ஆட்டினால் 'ஏதோ சரியில்லை'. கழுத்தின் குறுக்கே கையை இழுத்தால் 'காற்று தீர்ந்துவிட்டது'. பெருவிரலை உயர்த்தினால் 'மேலே செல்வோம்'. இந்தக் கடைசிக் குறி புதியவர்களைத் தடுமாற வைக்கும். அழகிய மீனொன்றைக் கண்டு, 'அருமை' என்னும் பொருளில் பழக்கத்தால் பெருவிரலை உயர்த்துவர். உடன் வந்தவரோ அதைக் கட்டளையாகக் கொண்டு மேலே எழத் தொடங்குவார்.

உடன் வந்தவர் என்பவர்தாம் இக்கலையின் உயிர்நாடி. எவரும் தனியே மூழ்குவதில்லை. இருவர் இருவராகவே இறங்குவர். நீரில் இறங்குமுன் ஒருவர் மற்றவரின் கருவிகளைத் தொட்டுச் சோதிக்கவேண்டும். மிதவைச் சட்டையில் காற்று ஏறி இறங்குகிறதா, காற்றுருளையின் வால்வு முழுவதும் திறந்திருக்கிறதா, அழுத்தமானி என்ன காட்டுகிறது, நெருக்கடியில் கழற்றவேண்டிய கொக்கிகள் எங்கே உள்ளன என்பன பார்க்கப்படும். தன்னுடைய கருவியைத் தானே பார்த்துக்கொண்டால் போதாதா என்று தோன்றலாம். நீருக்கடியில் ஒருவருக்கு மயக்கம் வந்தால் அந்தக் கொக்கியைத் தேடப்போவது மற்றவரின் கைதான்.

ஒவ்வொருவரின் கருவியிலும் வாய்ப்பகுதிகள் இரண்டு இருக்கும். ஒன்று தமக்கு, மற்றொன்று துணைவருக்கு. பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் மார்பருகே கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்கும் அதனை ஆக்டோபஸ் என்பர். துணைவர் கழுத்தின் குறுக்கே கையை இழுத்துக் காட்டினால், அதனை அவரிடம் நீட்டி, ஒருவர் மற்றவரின் கையைப் பற்றிக்கொண்டு, ஒரே உருளையின் காற்றை இருவரும் சுவாசித்தபடி மேலே வரவேண்டும். இப்பயிற்சி குளத்தில் பலமுறை நடக்கும். காற்றைக் கேட்பவராகவும் கொடுப்பவராகவும் மாறிமாறிப் பழகவேண்டும்.

உருளையில் எவ்வளவு காற்று உள்ளது என்னும் கணக்கும் துணைவருக்குத் தெரிந்திருக்கவேண்டும். 12 லிட்டர் கொள்ளும் உருளையில் 200 பார் அழுத்தத்தில் காற்றை அடைத்தால் ஏறத்தாழ 2400 லிட்டர் காற்று கிடைக்கும். (முத்துச்சிப்பித் திட்டான பார் வேறு, அழுத்தத்தின் அலகான இந்தப் பார் வேறு.) ஒருவர் நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பதாகக் கொண்டால், நீர்மட்டத்தில் அது 120 நிமிடங்களுக்குப் போதும். 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் இருமடங்கு காற்றை உண்பதால் 60 நிமிடங்களுக்கே போதும். 20 மீட்டரில் 40 நிமிடங்களுக்கு. இதிலும் 50 பார் அளவைத் தொடாமல் மிச்சம் வைத்து மேலேறவேண்டும். பதற்றத்தில் மூச்சு விரைந்தால் எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

கல்குவாரியிலிருந்து கடலுக்கு

குளத்தில் தேறியவர் உடனே கடலுக்குப் போவதில்லை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், கடற்கரையிலிருந்து வெகுதொலைவில், லெஸ்டர்ஷயர் மாவட்டத்தில் ஸ்டோனி கோவ் என்னும் இடம் உள்ளது. ஒருகாலத்தில் கல்குவாரியாக இருந்த அப்பள்ளம் இன்று ஏறத்தாழ 35 மீட்டர் ஆழமுள்ள நீர்நிலை. படிப்படியாக ஆழம் கூடுவதால் புதியவர்களுக்கு ஏற்றது. அவர்கள் பார்த்துப் பழகுவதற்கென்றே ஸ்டேன்கார்த் என்னும் பழைய இழுவைக்கப்பலை 2000-ஆம் ஆண்டில் அங்கே மூழ்கடித்தனர். குளிர்காலத்தில் அந்நீர் எலும்பைத் துளைக்கும். தடித்த இரப்பர் உடைக்குள்ளும் விரல்கள் விறைக்கும். அங்கே மூழ்கி எழுந்தவர்கள் கரையில் நடுங்கிக்கொண்டே சூடான தேநீர் பருகுவதும், அடுத்து எப்போது வரலாம் என்று நாள் குறிப்பதும் அக்கலையின் விந்தைகளுள் ஒன்று.

குவாரியில் கற்கும் முதன்மையான பாடம் மெதுவாக மேலேறுவது. காற்றில் பெரும்பகுதி நைட்ரஜன். ஆழத்தில் அழுத்தம் கூடுவதால் அது குருதியிலும் திசுக்களிலும் கரைகிறது. விரைந்து மேலேறினால், மூடியைத் திறந்த சோடாப் புட்டியில் பொங்குவதுபோல் அது உடலுக்குள் குமிழிகளாக மாறும். மூட்டுகள் வலிக்கும், கைகால் செயலிழக்கவும் கூடும். இதனைத் தவிர்க்க, படிப்படியாக மேலேறும் கால அட்டவணையை 1908-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிவியலாளரும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்டனர். அதற்கான சோதனைகளில் ஆடுகள் பயன்படுத்தப்பட்டன. இன்று நிமிடத்திற்கு 9, 10 மீட்டருக்கு மேற்படாமல் எழுந்து, ஏறத்தாழ 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடங்கள் நின்று வருவது பொதுவான நடைமுறை.

படகிலோ கரையிலோ இருக்கும் பொறுப்பாளர், யார் யாருடன் எப்போது இறங்கினர், உருளையில் எவ்வளவு காற்று இருந்தது, எப்போது எழுந்தனர் என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே இருப்பார். குறித்த நேரத்தில் இருவர் எழவில்லை என்றால் முதலில் அறிபவர் அவரே. தோணியில் கயிறு பிடித்தவரின் வேலை இங்கே தாளுக்கும் எழுதுகோலுக்கும் மாறியிருக்கிறது.

ஒரு கப்பலும் ஒரு மாணவியும்

இத்தகைய ஊர்ச் சங்கத்தார் பொழுதுபோக்காகக் கற்ற கலை ஒருமுறை வரலாற்றையே வெளிக்கொணர்ந்தது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மன்னருடைய 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல் 1545-ஆம் ஆண்டு சூலை 19-ஆம் நாள், போர்ட்ஸ்மத் துறைமுகத்திற்கு வெளியே போரில் மூழ்கிற்று. அலெக்சாண்டர் மக்கீ என்னும் எழுத்தாளர் 1965-இல் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பின் சவுத்சீ கிளையினருடன் சேர்ந்து, அப்பகுதிக் கடலடியில் பழங்கப்பல்களைத் தேடத் தொடங்கினார். கலங்கிய நீர், கை நீட்டினால் விரல் தெரியாத நாள்களும் உண்டு. வார இறுதிதோறும் தன்னார்வலர்கள் சேற்றைத் தடவித் தேடினர். 1971-இல் கப்பலின் மரச்சட்டங்கள் வெளிப்பட்டன.

தொல்லியல் அறிஞர் மார்கரெட் ரூல் அம்மையார் தொடக்கம் முதலே இப்பணியில் உடனிருந்தார். ஆனால், அவருக்கு மூழ்கத் தெரியாது. கீழே சென்று வந்தவர்கள் சொல்வதைக் கேட்டுப் படகிலிருந்தே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். எந்த மரத்துண்டு எதன்மேல் கிடக்கிறது, எந்த மண்ணடுக்கில் எப்பொருள் உள்ளது என்பதைப் பிறர் வாய்ச்சொல்லால் மட்டும் அறிவது தொல்லியலுக்குப் போதாது. ஆகவே, நாற்பது வயதைக் கடந்த நிலையில், தாமே மூழ்கக் கற்றுக்கொண்டு கடலுக்குள் இறங்கினார். பிறகு அகழாய்வுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. ஏறத்தாழ 500 தன்னார்வ மூழ்குநர்கள் அப்பணியில் பங்கேற்றனர். ஏறத்தாழ 28,000 முறை மூழ்கி எழுந்தனர். நெடுவில்கள், மருத்துவரின் பெட்டி, கப்பலில் வாழ்ந்த ஒரு நாயின் எலும்புக்கூடு என 19,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன.

1982-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், கப்பலின் எஞ்சிய பகுதி 437 ஆண்டுகளுக்குப்பின் நீர்மட்டத்திற்கு மேலே எழுந்தது. போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் அதனை இன்றும் காணலாம்.

சொற்பொருள்

பார் – கடலடித் திட்டு, அழுத்தத்தின் அலகு
மைத்துனர் – மனைவியுடன் பிறந்தவர்
பருமன் – ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு
அழுத்தமானி – அழுத்தத்தை அளக்கும் கருவி
தன்னார்வலர் – ஊதியம் கருதாது தாமே முன்வந்து பணிசெய்பவர்

பயிற்சி

1. முத்துக்குளிப்பவர் மூச்சை அடக்கலாம். ஸ்கூபா மூழ்குநர் அடக்கக்கூடாது. காரணத்தை உம் சொந்த நடையில் எழுதுக.

2. நிமிடத்திற்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிக்கும் ஒருவருக்கு, 2400 லிட்டர் காற்று 30 மீட்டர் ஆழத்தில் எத்தனை நிமிடங்களுக்குப் போதும்? கணக்கிட்டு, விடையை முழுத்தொடராக எழுதுக.

3. தோணியில் கயிறு பிடிப்பவர், உடன் மூழ்கும் துணைவர், தாளில் நேரம் குறிக்கும் பொறுப்பாளர் ஆகிய மூவருள் யாருடைய பொறுப்பு மிகப் பெரிது என்று கருதுகிறீர்? வகுப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து உரையாடுக.

4. குளித்தல், மூழ்குதல், முங்குதல், அமிழ்தல், ஆழ்தல் – இச்சொற்களுள் எவற்றை உம் வீட்டில் பயன்படுத்துகின்றனர்? பெற்றோரிடமோ, ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடமோ கேட்டு, ஒவ்வொன்றையும் அவர்கள் எப்பொருளில் வழங்குகின்றனர் என்று குறித்து வருக.